மதர் கரேஜ் நாடகத்தில் முரண்நகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட்டின் ‘மதர் கரேஜும் அவள் பிள்ளைகளும்’ நாடகத்தை எங்கள் வாசிப்பு வட்டத்தில் எடுக்கும்போதெல்லாம் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. புதிதாக வருபவர்கள் கேட்பது ஒரு வகை. இரண்டாம் முறை படித்தவர்கள் கேட்பது வேறு வகை, அதற்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். ஒவ்வொரு முறையும் வாய்க்கு வந்தபடி பாதி சொல்லி, பாதி விட்டுவிடுகிறேன். அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். கதையின் முடிவும் இதில் வந்துவிடும்.

முதல்ல கதை என்னன்னு சுருக்கமா சொல்லுங்க.

ஐரோப்பாவில் 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர்தான் களம். அன்னா ஃபியர்லிங் என்ற பெண், கூண்டு வண்டி ஒன்றைப் பிள்ளைகளை வைத்து இழுத்துக்கொண்டு படைகளின் பின்னாலேயே போகிறாள். சிப்பாய்களுக்குச் சாராயம், பெல்ட், சட்டை, துப்பாக்கிக் குண்டு எல்லாம் விற்பதுதான் பிழைப்பு. அவளைத்தான் எல்லோரும் மதர் கரேஜ் என்கிறார்கள். மூத்தவன் ஐலிஃப், அடுத்தவன் ஸ்விஸ் சீஸ், மகள் கட்ரின். கட்ரினுக்குப் பேச்சு வராது.

நாடகம் 1624இல் தொடங்கி 1636இல் முடிகிறது. மொத்தம் 12 காட்சிகள். மூன்று பிள்ளைகளும் சாகிறார்கள். கடைசியில் கரேஜ் தனியாக வண்டியை இழுத்துக்கொண்டு மறுபடியும் படையின் பின்னால் போகிறாள். போர் முடியவில்லை, முடிய இன்னும் 12 ஆண்டுகள் இருக்கின்றன.

முரண்நகைன்னா நக்கல்தானே? நம்ம வஞ்சப்புகழ்ச்சி மாதிரி?

ஒரு வகை அப்படித்தான். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவையார், அவனுடைய ஆயுதசாலையைப் பார்த்துவிட்டுச் சொன்னதாக வரும் புறநானூற்றுப் பாடல் (95) நினைவிருக்கும். உன் வேல்கள் மயில்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலோடு அழகாக இருக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். கேட்கும்போது புகழ்ச்சி, யோசித்தால், நீ போரே பார்க்காதவன் என்ற எச்சரிக்கை. சொல்பவருக்குத் தான் என்ன சொல்கிறோம் என்பது நன்றாகத் தெரியும்.

பிரெக்ட்டிடம் இதுவும் உண்டு, இன்னொன்றும் உண்டு. அந்த இன்னொன்றில், பேசுகிற பாத்திரம் மனதாரத்தான் பேசுகிறது. அது பேசுவதற்கும் மேடையில் நடப்பதற்கும் உள்ள இடைவெளி பார்க்கிற நமக்கு மட்டும் தெரிகிறது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் கீழே உள்ள கேள்விகளில் பாதி வருகின்றன.

முதல் காட்சியிலேயே ரெண்டு பேர் போரைப் புகழ்ந்து பேசுறாங்க. சீரியஸா பேசுறாங்களா, கிண்டலா?

அவர்கள் சீரியஸ்தான். கிண்டல் ஆசிரியருடையது. படைக்கு ஆள் பிடிக்க வந்தவன் ஒருவன் புலம்புகிறான்: ஊற்றிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால், திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் ஓடிவிடுகிறான், இந்த ஊர் மனிதர்களிடம் நாணயமே இல்லை என்று. போதையேற்றிக் கையெழுத்து வாங்கியவன் நாணயத்தைப் பற்றி அழுகிறான்! கூட இருக்கும் சார்ஜென்ட் இன்னும் ஒரு படி மேலே போகிறான். அமைதியாக இருக்கிற ஊரில் எத்தனை ஆள், எத்தனை நல்ல குதிரை என்று யாருக்குமே தெரியாது. போர் வந்தால்தான் ஒழுங்கு, கணக்கு வழக்கு, பட்டியல் எல்லாம் வரும் என்கிறான்.

இதில் விஷயம் என்னவென்றால், அவன் சொல்வது பொய் இல்லை. போர் உண்மையிலேயே எல்லாரையும் எண்ணிப் பட்டியல் போடுகிறது. நமக்குச் சிரிப்பு வருகிறது. அடுத்த நொடி, இதே நியாயத்தை நாமும் எங்கோ மரியாதையான வார்த்தைகளில் கேட்டிருக்கிறோமே என்று உறைக்கிறது.

அவளுக்கு ஏன் ‘கரேஜ்’னு பேரு? அவ்வளவு தைரியசாலியா?

பெயர் வந்த கதையை அவளே சொல்கிறாள். ரீகா நகரத்தில் பீரங்கிக் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது வண்டியை நடுவே ஓட்டிக்கொண்டு போனாள். காரணம், வண்டியில் 50 ரொட்டிகள் இருந்தன, ஏற்கெனவே பூசணம் பிடிக்க ஆரம்பித்துவிட்டன, அன்றைக்கே விற்றாக வேண்டும். ஊர் அதைத் துணிச்சல் என்று பேர் வைத்துவிட்டது.

வீரத்தை அவள் துளியும் நம்புவதில்லை. இரண்டாம் காட்சியில், நல்ல தளபதியாக இருந்தால் சாதாரண சிப்பாயே போதுமே, வீரன் எதற்கு என்கிறாள். திட்டம் மோசமாக இருக்கும் இடத்தில்தான் சிப்பாய் வீரனாக இருந்தாக வேண்டியிருக்கிறது என்பது அவள் கட்சி. நாடகத்தில் இருப்பவர்களிலேயே போரைச் சரியாகப் புரிந்துகொண்ட வாய் அவளுடையதுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிக்கு முந்தைய கேள்வியில் தேவைப்படும்.

மூணு பிள்ளைங்களும் ஆளுக்கொரு நல்ல குணத்தால சாகுறாங்க. இது ரொம்ப செயற்கையா இல்லையா?

செயற்கைதான், அதை அவர் மறைக்கவும் இல்லை. ஐலிஃபுக்கு வீரம், ஸ்விஸ் சீஸுக்கு நேர்மை, கட்ரினுக்கு இரக்கம். முதல் காட்சியிலேயே கரேஜ் சீட்டுகளில் கருப்புச் சிலுவை போட்டு, தலைக்கவசத்தில் குலுக்கி எடுக்கச் சொல்கிறாள். மூவருக்கும் சிலுவை விழுகிறது. பிள்ளைகளைப் பயமுறுத்திப் படையில் சேராமல் தடுக்க அவள் செய்த தந்திரம் அது. தந்திரம் அப்படியே பலித்துவிடுகிறது.

ஆனால் குணங்களை மட்டும் பார்த்தால் பாதிதான் பிடிபடும். ஒவ்வொரு பிள்ளை போகும்போதும் அம்மா என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று பாருங்கள். ஐலிஃபை ஆள் பிடிப்பவன் அழைத்துக்கொண்டு போகும்போது அவள் ஒரு பெல்ட் பக்கிளுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறாள். ஸ்விஸ் சீஸை மீட்க லஞ்சப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறாள். கட்ரின் சுடப்படும்போது சரக்கு வாங்க டவுனுக்குப் போயிருக்கிறாள். பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் இந்த வியாபாரம் என்பது அவள் நம்பிக்கை. அந்த வியாபாரம் நடக்கிற நேரத்தில்தான் ஒவ்வொரு பிள்ளையாகக் கைவிட்டுப் போகிறது. நாடகம் முழுவதையும் தாங்குகிற முரண்நகை இதுதான் என்பேன்.

ஐலிஃபுக்கு முதல்ல பரிசு, அப்புறம் மரண தண்டனை. ரெண்டாவது தடவை என்ன தப்பு செஞ்சான்?

புதிதாக ஒன்றும் செய்யவில்லை. இரண்டாம் காட்சியில் விவசாயிகளை வெட்டிப் போட்டு அவர்களுடைய மாடுகளை ஓட்டி வருகிறான். தளபதி தன் கூடாரத்தில் உட்காரவைத்து விருந்து வைக்கிறார். எட்டாம் காட்சியில் அதே மாதிரி ஒரு வீட்டுக்குள் புகுந்து கொள்ளையடிக்கிறான், அந்த வீட்டுப் பெண் சாகிறாள். இடையில் சமாதானம் வந்துவிட்டது. முன்பு செய்ததைத்தானே செய்தேன் என்று அவனுக்கே புரியவில்லை.

இதில் இன்னும் ஒரு முடிச்சு உண்டு, முதல் வாசிப்பில் பலரும் தவறவிடுவது. கரேஜ் சந்தையிலிருந்து ஓடி வந்து, போர் மறுபடி தொடங்கி மூன்று நாளாகிவிட்டது என்கிறாள். அதாவது அவனைத் தண்டிக்க இழுத்துக்கொண்டு போன நேரத்தில் சமாதானமே இல்லை. மகன் செத்தது அவளுக்குத் தெரியாது, கடைசிவரை தெரிய வருவதும் இல்லை. போர் திரும்பிவிட்டதில் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

சமாதானம் வந்ததும் அவ ஏன் பதறுறா? சந்தோஷப்பட வேண்டாமா?

படையோடு வரும் பாதிரியார் ஒருவரின் பேச்சைக் கேட்டுச் சரக்கை நிறைய வாங்கி வைத்துவிட்டாள், அதனால்தான். ஆறாம் காட்சியில் அவர் ஒரு விளக்கம் தருகிறார்: போர் நடுவில் மூச்சு வாங்கலாம், தடுக்கி விழலாம், ஆனால் ஒரேயடியாக முடியாது, மனிதனுக்கு வேண்டிய எல்லாம் போருக்குள்ளேயே கிடைக்கிறது, அமைதி உட்பட. வேதம் படித்த மனிதர் சொல்கிறாரே என்று அவள் முதலீடு செய்கிறாள். எட்டாம் காட்சியில் ஸ்வீடன் அரசர் குஸ்டாவ் அடால்ஃப் விழுந்த செய்தி வருகிறது (லுட்ஸன் போர், 1632), கோயில் மணிகள் அடிக்கின்றன, சமாதானம் என்கிறார்கள். போர் மூண்டுவிட்டது என்று நாம் அலறுவோமே, அந்தக் குரலில் சமாதானம் மூண்டுவிட்டது என்று அலறுகிறார்கள்.

நடிக்கும்போது இந்த இடத்தில் அரங்கம் சிரிக்கும். சிரிக்கட்டும். விலை சரிந்தால் அழுகிற யாரும் அவளைப் புரிந்துகொள்வார்கள்.

ஆறாம் காட்சி முடிவுல போரைச் சபிக்கிறா, ஏழாம் காட்சி ஆரம்பத்துல போரைப் புகழுறா. பிரதியில ஏதாவது விட்டுப்போச்சா?

எதுவும் விட்டுப்போகவில்லை. சரக்கு எடுத்து வர அனுப்பிய கட்ரின் முகத்தில் வெட்டுக் காயத்தோடு திரும்புகிறாள். இனி அவளுக்குக் கல்யாணம் நடக்காது என்று அம்மாவுக்குத் தெரிகிறது. போர் நாசமாய்ப் போக என்கிறாள். திரை. அடுத்து கரேஜ் கழுத்தில் வெள்ளிக் காசு மாலையோடு வருகிறாள், போரைப் பற்றி யாரும் என்னிடம் குறை சொல்லாதே என்கிறாள். நடுவில் காரணமோ விளக்கமோ எதுவும் கிடையாது.

நாவலாசிரியராக இருந்தால் இந்த மாற்றத்துக்கு இருபது பக்கம் செலவழித்திருப்பார். பிரெக்ட் ஒரு வரிகூடத் தரவில்லை. காட்சிகளை ஒட்டி வைத்த விதமே முரண்நகையாகிவிட்டது. இயக்குநர்கள் சிலர் இந்த இடத்தில் இடைவேளை விடுகிறார்கள், அது எனக்குப் பிடிப்பதில்லை. சாபமும் புகழும் ஒரே மூச்சில் காதில் விழ வேண்டும்.

ஒவ்வொரு காட்சிக்கும் முன்னாடியே என்ன நடக்கப்போகுதுன்னு எழுதிக் காட்டுறாங்களே, சுவாரஸ்யம் போயிடாதா?

நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து, வரப்போவது யார், நடக்கப்போவது என்ன என்று சொல்லிவிட்டுத்தான் போகிறான். அதனால் யாரும் எழுந்து போய்விடுவதில்லை. என்ன நடக்கும் என்பது தெரிந்துவிட்டால், எப்படி நடக்கிறது என்பதில் கண் போகிறது.

இந்தத் தலைப்பு வாசகங்களே நாடகத்தின் கூர்மையான பகுதி என்பது என் அபிப்பிராயம். ஐந்தாம் காட்சியின் வாசகத்தில், மாக்டபுர்க் நகரத்தில் தளபதி டில்லி பெற்ற வெற்றியால் மதர் கரேஜுக்கு நான்கு அதிகாரிச் சட்டைகள் நஷ்டம் என்று வருகிறது. 1631இல் அந்த நகரத்தில் சுமார் 20,000 பேர் செத்தார்கள். கணக்கேட்டில் விழுவது நான்கு சட்டை. எட்டாம் காட்சியில், ஐலிஃப் ஒரு வீரச்செயலை அதிகப்படியாகச் செய்துவிட்டான் என்கிறது வாசகம். இதையெல்லாம் உணர்ச்சியே இல்லாத குரலில்தான் படிக்க வேண்டும்.

ஸ்விஸ் சீஸ் சாகிற இடத்துல எனக்கு அழுகை வந்துச்சு. அப்ப முரண்நகை தோத்துப்போச்சா?

இல்லை. அழுகையை ஒழிப்பது அதன் வேலை இல்லை. ஸ்விஸ் சீஸ் படைப்பிரிவின் காசாளர், கஜானாப் பெட்டியை எதிரியிடம் கொடுக்காமல் ஒளித்து வைத்து மாட்டிக்கொள்கிறான். அவனை விடுவிக்க 200 கில்டர் கேட்கிறார்கள். கரேஜ் வண்டியை இவெட் என்ற பெண்ணிடம் அடகு வைத்து, பிறகு பெட்டிப் பணத்தில் மீட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறாள். பெட்டியை அவன் ஆற்றில் எறிந்துவிட்டான் என்று தெரிந்ததும் 120 என்று இறங்குகிறாள். வண்டி போனால் மிச்சம் இருக்கிற மகளுக்கு என்ன வழி என்பதும் நியாயமான கேள்விதானே? சரி, 200ஐயே கொடு என்று சொல்லும்போது நேரம் கடந்துவிட்டது. பேரத்தை அதிகமாக இழுத்துவிட்டேனோ என்கிறாள். பிறகு சடலத்தைக் கொண்டுவந்து காட்டும்போது, யாரென்று தெரியாது என்று தலையாட்டுகிறாள்.

1949 பெர்லின் தயாரிப்பில் கரேஜாக நடித்த ஹெலனா வைகல், மகனைச் சுடும் சத்தம் கேட்டதும் தலையைப் பின்னால் சாய்த்து வாயை அகலத் திறந்தார், குரல் மட்டும் வரவில்லை. சிங்கப்பூர் குண்டுவீச்சில் செத்த மகனின் உடலருகே குனிந்திருந்த ஓர் இந்தியப் பெண்ணின் பத்திரிகைப் படத்திலிருந்து அந்த முகம் வந்திருக்கலாம் என்று பிரெக்ட் குறித்திருக்கிறார். பார்த்தவர்கள் மறக்கவில்லை. அழுகை வருகிறது, அழும்போதே அந்த 80 கில்டரும் நினைவில் உறுத்துகிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் காட்சி சரியாக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்படின்னா அவமேல பரிதாபம் வரக்கூடாதுன்னு பிரெக்ட் சொன்னதா கேள்விப்பட்டேனே?

பரிதாபம் மட்டுமே வந்துவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலை. நாடகம் முதலில் அரங்கேறியது சூரிச்சில், 1941 ஏப்ரலில், தெரேசா கீஸே நடிப்பில். பிரெக்ட் அப்போது நாடுகடந்து ஃபின்லாந்தில் இருந்தார். பத்திரிகைகள் பிள்ளைகளை இழந்த கிரேக்கப் புராணத் தாய் நயோபியைப் போல என்று உருகின. தாய்மையின் தாங்குசக்தி என்றார்கள். வியாபாரியைக் காணோம்!

அதனால் பெர்லினுக்காகச் சில இடங்களை மாற்றினார். ஐந்தாம் காட்சியில் அந்தச் சட்டைகளைக் கிழித்து அடிபட்டவர்களின் காயத்துக்குக் கட்டுப்போடும் இடத்தில் முன்பு அவளே மனமில்லாமல் கொடுத்தாள்; மாற்றியபின் கொடுக்க மறுக்கிறாள், பாதிரியார் பிடுங்கிக்கொள்கிறார். முதல் காட்சியில் அந்த பக்கிள் பேரத்தை இன்னும் அழுத்தமாக்கினார். அப்படியும் பெர்லினில் ஜனங்கள் அழுதார்கள். போரில் இடிந்து கிடந்த நகரத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களிடம் அழாதே என்று யார் சொல்ல முடியும்?

எழுதினது 1939. சமகாலப் போரை விட்டுட்டு 300 வருஷத்துக்கு முந்தின போர் எதுக்கு?

ஸ்வீடனில் லிடிங்கோ தீவில் தங்கியிருந்தபோது, 1939 இலையுதிர் காலத்தில், இரண்டாம் உலகப் போர் தொடங்கிய கையோடு எழுதினார். அக்கம்பக்கத்து நாடுகளில் ஹிட்லரின் போரில் சின்னதாக வியாபாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர்களை மனதில் வைத்து எழுதியதாகப் பின்னாளில் சொன்னார். பெரிய போரில் சின்ன லாபம் பார்ப்பவளின் கதை அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக் கதைதான். கட்சிகளும் மதமும் பழையவையாக இருந்தால், பார்ப்பவர் பக்கம் சேர்ந்து கைதட்ட முடியாது; கணக்கு மட்டும் தெரியும்.

கட்ரின் முரசு அடிக்கிற காட்சியில கிண்டலே இல்லையே. அங்க பிரெக்ட் தன் கொள்கையை விட்டுட்டாரா?

கிண்டல் இல்லை, உண்மைதான். 1636 ஜனவரி, ஹாலே நகரத்தை இரவில் தாக்கப் படை நெருங்குகிறது. பக்கத்துக் குடியானவக் குடும்பம் மண்டியிட்டு ஜெபம் செய்கிறது. கட்ரின் கூரைமேல் ஏறி முரசு அடித்து ஊரை எழுப்புகிறாள், சுட்டுக் கொல்கிறார்கள். ஊர் விழித்துக்கொள்கிறது.

ஆனால் நான் முன்பு சொன்ன இரண்டாம் வகை முரண்நகை அங்கேயும் இருக்கிறது. பேச்சு வருகிறவர்கள் எல்லாம் கடவுளிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருக்க, பேச்சு வராதவள்தான் ஊருக்குக் கேட்கும்படி சத்தம் போடுகிறாள். நாடகம் முழுக்க வாயாடி அம்மா பக்கத்திலேயே இருந்தவள். அம்மாவின் அத்தனை சாமர்த்தியப் பேச்சும் ஒருவரையும் காப்பாற்றியதில்லை. இங்கே நமக்குச் சிரிப்பு வராது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசில அவ திருந்தியிருந்தா நல்லா இருந்திருக்குமே?

இதை 1949இலேயே நாடகாசிரியர் ஃபிரீட்ரிஷ் வோல்ஃப் பிரெக்ட்டிடம் கேட்டுவிட்டார். அவள் எதுவும் கற்றுக்கொள்ளாவிட்டாலும், அவளைப் பார்க்கிறவர்கள் கற்றுக்கொள்ளலாம் என்பது பிரெக்ட்டின் பதில். அவள் மேடையிலேயே திருந்திவிட்டால் நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவோம். அதோடு, படையின் பின்னால் 12 வருடம் பிழைத்தவள் ஒரே இரவில் ஞானி ஆவதை நான் நம்பியிருக்கவும் மாட்டேன்.

அவளே போரை அவ்வளவு கிண்டல் பண்றாளே. அப்ப அவளும் போர் எதிர்ப்பாளர்தானே?

எல்லாவற்றிலும் கஷ்டமான கேள்வி இது. தளபதி டில்லியின் இறுதி ஊர்வலம் போகும்போது, அவர் பனிமூட்டத்தில் வழி தவறித்தான் சண்டை நடக்கும் பக்கம் போய்விட்டார் என்று பேச்சு வருகிறது. கரேஜ் பெரிய தலைவர்களுக்காகப் பரிதாபப்படுகிறாள்: அவர்கள் சிலை வைக்கிற மாதிரி எதையாவது செய்ய நினைக்கிறார்கள், இந்தச் சாதாரண ஜனங்கள் கொஞ்சம் பீரும் பேச்சுத்துணையும் போதும் என்று இருந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறார்கள். ஔவையாருக்குக் குறையாத வாய். போரைப் பற்றி அவளை யாரும் ஏமாற்ற முடியாது.

இதைச் சொல்லும்போது அவள் கை சரக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருக்கிறது. ஔவையார் பேசியது தொண்டைமானின் முகத்துக்கு நேரே. கரேஜ் பேசுவது பக்கத்தில் இருப்பவர்களிடம், அதுவும் தொழில் கெடாத அளவுக்கு. எல்லாம் தெரிந்தவள் என்பதாலேயே, எப்படியும் சமாளித்துவிடலாம் என்று நம்புகிறாள்.

நான்காம் காட்சியைப் பாருங்கள். வண்டியைக் கிழித்துப் போட்டதற்காகக் கேப்டனிடம் புகார் சொல்ல வந்து காத்திருக்கிறாள். அங்கே கொதித்துக்கொண்டிருக்கும் ஓர் இளம் சிப்பாயிடம், உன் கோபம் குட்டைக் கோபம், நீண்ட கோபம் இருந்தால் மட்டும் நில் என்று சொல்லி, பெரிய சரணாகதிப் பாட்டைப் பாடுகிறாள். சிறுவயதில் தலைநிமிர்ந்து நடந்தவர்கள் எப்படி வரிசையில் சேர்ந்தார்கள் என்பது பாட்டு. அவன் போய்விடுகிறான். குமாஸ்தா வந்து கூப்பிடும்போது அவளும் புகார் ஒன்றும் இல்லை என்று எழுந்து போய்விடுகிறாள். தன் பாட்டு தன்னையே ஜெயித்துவிட்டது. கிண்டல் செய்துவிட்டால் எதிர்த்துவிட்டதாக ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு காட்சி போதும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நாங்க காலேஜ்ல ஒரு காட்சி மட்டும் போடப்போறோம். எதை எடுக்கலாம், எப்படிப் பேசணும்?

மேலே சொன்ன நான்காம் காட்சிதான். மூன்று நான்கு பேர் போதும், செட் வேண்டாம், ஒரு பாட்டு. முதல் காட்சியையும் எடுக்கலாம், ஆனால் வண்டி வேண்டியிருக்கும்.

பேசும் விதத்துக்கு ஒரே விதி: கண்ணடிக்காதீர்கள். ‘இது கிண்டல் வசனம்’ என்று குரலை வளைத்தால் செத்தது. சார்ஜென்ட் ஒழுங்கைப் பற்றிப் பேசும்போது, ஊருக்கு நல்லது சொல்லும் அதிகாரியாகவே பேசட்டும். கரேஜ் சிப்பாயிடம் பேசும்போது அக்கறையோடு பேசட்டும், அவளுக்கு அவன்மேல் அக்கறை உண்டு. ஒத்திகையில் யாராவது தன் வசனத்துக்குத் தானே சிரித்தால், அந்த வசனத்தை மறுபடி சொல்லச் சொல்லுங்கள்.